பதினோராவது கேள்வி

பேனா இருக்கா? இல்லேன்னா பரவாயில்லை, எங்கிட்ட இருக்கு. அந்த ஃபாரத்தை இப்படிக் கொடுங்க, நான் எழுதித் தர்றேன். வியாழக்கிழமையானா இந்த பெஞ்சுல உக்காந்து புதுசா வர்றவுகளுக்கு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். வேலைன்னு இல்லை, உள்ளே பிள்ளைகளைப் பார்க்கிற ஜெனிட்டா மேடம் கேட்டுக்கிட்டாக. ஆறு பக்கம் இருக்குல்ல, பார்த்ததுமே பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிர்றாக. நீங்க போயிராதீங்க. உங்க டோக்கன் பத்தொன்பது, உள்ளே இப்பத்தான் ஏழு போயிருக்கு.

பையன் பேரு என்ன? மித்ரன். வயசு மூணு முடியப் போகுது. ஊரு... ஓ, திருச்சுழிப் பக்கமா. நல்லதாப் போச்சு. எங்க ஊருக்காரவுகளா இருந்தா நான் இந்த வாயைத் திறக்க மாட்டேன்.

பெறந்ததும் அழுதானா? அழுதான். காமாலை? ரெண்டு நாள் லைட்டுல வச்சாக. சரி, எழுதிட்டேன். தலை நின்னது, குப்புற விழுந்தது, நடந்தது எல்லாம் அந்தந்த நேரத்துக்குத்தான். இப்போ பதினோராவது கேள்வி. 'குழந்தையிடம் வித்தியாசத்தை முதலில் கவனித்தவர் யார்? எப்போது?' இதை இப்போ விட்டுருவோம் தங்கச்சி, கடைசியா எழுதிக்கலாம். இதுக்கு அவசரத்துல பதில் சொல்லக் கூடாது.

இருங்க, உங்க பையன் என் கையைப் பிடிச்சுப் பை ஜிப்புல வைக்கிறான். திறந்து கொடுன்னு அர்த்தம். பார்த்தீகளா, என் முகத்தைப் பார்க்கலை. கையைத்தான் பார்க்கிறான். என் கை அவனுக்கு ஒரு சாவி மாதிரி. பயப்படாதீங்க, சொல்லணும்னு சொன்னேன்.

தூணுக்கு அந்தப் பக்கம் மஞ்ச வயர்கூடையை வச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்காள்ல? சட்டுனு திரும்பாதீங்க. மெதுவா. அவதான் என் நாத்தனா, எங்க வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. தங்கபுஷ்பம்னு பேரு. பேருல மட்டும்தான் பூ. மடியில இருக்கிறது அவ பேரன், மக வயித்துப் பேரன். பக்கத்துல பச்சைப் பாவாடை கட்டிக்கிட்டு அவ கூடையை நோண்டுறாளே, அது என் மக சஷ்மிதா. ஆமா, என் மகதான். இங்கன வந்தா அவ பக்கத்துலதான் போய் உக்காருவா. எத்தனை தடவை சொல்லிட்டேன், கேட்கிறதில்லை.

நான் யார் மேலயும் வன்மம் வச்சுக்கிற ஆள் இல்லை. எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, கற்பகவல்லியா, அவ வாயில்லாப் பூச்சியாச்சேம்பாக. ஆனா என் நாத்தனா செஞ்சதுக்கு நான் சும்மா விட்டிருந்தா, என் மகளைப் பெத்ததுல அர்த்தமே இல்லை.

உங்க பக்கம் சேனை வைக்கிற பழக்கம் உண்டா? உண்டுல்ல. பிள்ளை பெறந்ததும் சீனித் தண்ணியில ஒரு சொட்டு நாக்குல தொட்டு வைக்கிறது. வைக்கிறவுக குணமும் வாயும் பிள்ளைக்கு அப்படியே வரும்பாக. சஷ்மி பெறந்தப்போ என் மாமியார் உசுரோட இல்லை. அக்காதான் சேனை வைக்கணும்னு எங்க வீட்டுக்காரரு ஒரே பிடியா நின்னாரு. தாய்ப்பாலைத் தவிர ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாக. இவ கேட்பாளா? நர்ஸ் அங்கிட்டுப் போன நேரம் பார்த்து, மோதிரத்தைச் சீனித் தண்ணியில முக்கித் தொட்டு வச்சுட்டு, எம் மருமக மேடை போட்டுப் பேசுவா பாருன்னுட்டுப் போனா. பேசுறதுல அவ கெட்டிதான். கல்யாண வீட்ல மேளம் நின்னாலும் அவ வாய் நிக்காது.

சஷ்மிக்கு ஒண்ணரை வயசு ஆச்சு, ரெண்டு ஆச்சு. அம்மா இல்லை, அப்பா இல்லை, ஒரு சொல் இல்லை. கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஆனா பக்கத்து வீட்ல பிஸ்கட் கவரைப் பிரிக்கிற சத்தம் கேட்டா ஓடுவா, அதனால காது கேட்குதுன்னு தெரியும். வசம்பைச் சுட்டு நாக்குல தேய்ச்சேன். அம்மன் கோயில்ல வெண்கல மணி வாங்கிக் கட்டினேன். கேட்டவுக எல்லாரும் அஞ்சு வயசு வரைக்கும் பாருன்னாக. எங்க மாமனார் வழியில யாரோ ஒருத்தரு ஆறு வயசு வரைக்கும் பேசாம இருந்து, பெறகு பேசி, வாத்தியாராப் போயிட்டாராம். அந்த வாத்தியாரை நான் இன்னைக்கு வரைக்கும் கண்ணால பார்த்ததில்லை. அவரு கதையைக் கேட்டே எனக்கு ஒரு வருசம் போச்சு. உங்களுக்கும் யாராச்சும் ஒரு வாத்தியாரைச் சொல்லியிருப்பாகளே? பார்த்தீகளா, சிரிக்கிறீக. எல்லா ஊர்லயும் ஒரு வாத்தியாரு இருக்காரு.

அந்த நேரத்துலதான் இந்த நாத்தனா ஒரு பேச்சைக் கிளப்பி விட்டா. என் சேனை தப்பாது, எனக்கு முன்னாடி இவ ஆத்தாக்காரி ஒளிச்சு வச்சு ஒரு சொட்டு தொட்டு வச்சிருக்கா, அந்த ஊமைத்தனம்தான் பிள்ளைக்கு இறங்கியிருக்குன்னு. எங்க அம்மா அதிர்ந்து பேசாதவுக. அதைக் கேட்டதுல இருந்து எங்க வீட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டாக. அதையும் பொறுத்துக்கிட்டேன். சத்தியமாப் பொறுத்துக்கிட்டேன்.

சஷ்மிக்கு மூணு வயசு ஆனப்போ இவ மக இந்திராவுக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு வச்சாக. அறுபது எழுபது பேரு. இந்திரா நல்ல பிள்ளை, அவளைக் குறை சொல்ல மாட்டேன். தாய்மாமன் பொண்டாட்டிங்கிற முறையில நான் முன்னாடி உக்காந்து வளையல் போட்டுக்கிட்டு இருக்கேன். போட்டு முடிச்சுத் திரும்புறேன், சஷ்மியைக் காணோம். வாசல்ல இல்லை. மாடியில இல்லை. கிணத்தடிக்கு ஓடினேன். கூப்பிட்டா பதில் சொல்ற பிள்ளை இல்லையே தங்கச்சி. எங்க இருக்கேன்னு சொல்லத் தெரியாதே.

கடைசியில அடுப்படிக்குப் பின்னாடி கிரைண்டர் வச்சிருக்கிற ரூமு. வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கு. கதவுக்கும் தரைக்கும் நடுவுல இடுக்கு இருக்கும்ல, அதுல நாலு விரல் வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நாலு விரல். அசையவும் இல்லை. கதவைத் திறந்தா, தரையோட தரையாப் படுத்துக் கிடக்கா. அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருக்கு. மேளச் சத்தத்துல யாருக்குக் கேட்கும்?

யாரு போட்டாகன்னு நான் கேட்கவே வேண்டியதில்லை. அவளே வந்து சொன்னா, தட்டுல வெத்தலை பாக்கை அடுக்கிக்கிட்டே. "மாசமா இருக்கிற பிள்ளை கண்ணுல இது பட்டுக்கிட்டே இருந்தா, வயித்துல இருக்கிறதும் இப்படியே வந்துரும்ல வல்லி. ஒரு மணி நேரந்தானே, இதுக்குப் போயி முகத்தைத் தூக்குற."

இது. என் மகளை 'இது'ன்னா.

எங்க வீட்டுக்காரரு என்ன செஞ்சாருங்கிறீகளா? அக்கா ஏதோ தெரியாமச் செஞ்சிருக்கும்னாரு. புளிச்சாதம் நல்லா இருக்குன்னு பார்சல் வேற வாங்கிட்டு வந்தாரு. அன்னைக்கு பஸ்ல மகளை மடியில வச்சுக்கிட்டு வந்தப்போ முடிவு பண்ணுனேன். என் மக பேசுவா. அதுவும் இவ முன்னாடி பேசுவா. இவ நாலு பேரு நடுவுல வாயடைச்சு நிப்பா. அதை நான் என் கண்ணால பார்ப்பேன்.

அங்கன்வாடி டீச்சர் ரெண்டு தடவை இந்த சென்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தும் நான் அலமாரியில போட்டு வச்சிருந்தவ. மறு வாரமே எடுத்துட்டு வந்தேன். மக பேசணும்னு வந்ததை விட, இவளுக்குக் காட்டணும்னு வந்தேன், அதைச் சொல்றதுக்கு எனக்கு வெட்கம் இல்லை. எதுல ஏறி வந்தா என்ன, வந்து சேர்ந்தேன்ல? பாசத்துல வந்த அம்மாமாரு எத்தனையோ பேரு நாலு வாரத்துல நின்னுட்டாக. எனக்கு ஒரு வியாழன் தப்புனதில்லை. மழை, காய்ச்சல், தீட்டு, துக்கம், எதுக்கும் நின்னதில்லை.

ஆட்டிசம்னாக. முதல்ல எனக்கு அந்தச் சொல்லே வாயில நுழையலை. ஜெனிட்டா மேடம் பொறுமையாச் சொல்லிக் கொடுத்தாக. சாமானை நம்ம வாய்க்குப் பக்கத்துல வச்சுக் காட்டணும். ஒரே ஒரு சொல் சொல்லணும். சொல்லிட்டுச் சும்மா இருக்கணும். மனசுக்குள்ள பத்து எண்ணணும். பிள்ளை நம்ம கண்ணைப் பார்க்குதா, ஏதாச்சும் சத்தம் கொடுக்குதான்னு காத்திருக்கணும். நமக்கு அந்தப் பொறுமை வராது, ரெண்டு எண்ணுறதுக்குள்ள, இந்தாடி கண்ணுன்னு கொடுத்துருவோம். பிள்ளையைப் பேச வைக்கிறதுக்கு முதல்ல நாம வாயை மூடணும்னு மேடம் சொல்லுவாக. அதுல நான் தேறிட்டேன். இந்த சென்டர்லயே என் அளவுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரிஞ்சவ யாரும் இல்லைன்னு மேடமே சொல்லியிருக்காக.

எட்டு மாசம் கழிச்சு, சோப்பு முட்டை ஊதுற டப்பாவை என் வாய்க்கு நேரா வச்சுக்கிட்டு எண்ணுறேன், ஒன்பது வந்துருச்சு, 'தா'ன்னா. என் மக. நான் அழுதேனா சிரிச்சேனான்னு தெரியலை. ஆனா முதல்ல நெனப்பு வந்தது இவதான். இப்பவே பஸ் ஏறிப் போய் இவ வாசல்ல நின்னு மகளைப் பேச வைக்கணும் போல இருந்துச்சு. ஒரு சொல்லோட போனா மதிக்க மாட்டா, இன்னும் சேரட்டும்னு அடக்கிக்கிட்டேன்.

அவ பேரனைச் சொல்லணும்ல. ரித்தீஷ்னு பேரு. சேனை வச்சது யாருங்கிறீக? வேற யாரு, இவதான்.

போன மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயில்ல எல்லாரும் கூடியிருந்தோம். அவனுக்கு ஒரு வயசு பத்து மாசம். தூக்குவாளி மூடியைத் தரையில சுத்தி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். நிக்கும், மறுபடி சுத்தி விடுவான், மறுபடி. நான் கொஞ்சம் தள்ளி இருந்து ரித்தீஷ்னு கூப்பிட்டேன். திரும்பலை. ரெண்டாவது தடவை. திரும்பலை. வெடி போட்டாக, அதுக்குத் திடுக்கிட்டுத் திரும்புறான். பெறகு எந்திரிச்சு வந்து, இந்திரா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்த் தண்ணிக் குடத்து மேல வைக்கிறான். அவ முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்க்கலை. விரல் நீட்டி ஒண்ணைக் காட்டலை. பத்தே நிமிஷம். எனக்குத் தெரிஞ்சு போச்சு.

இவ பக்கத்துல உக்காந்து பெருமை அடிச்சுக்கிறா. என் பேரன் சமத்து, அழவே மாட்டான், தன் பாட்டுக்கு விளையாடுவான், என் சேனையாச்சேன்னு. நான் சிரிச்சுக்கிட்டே, ஆமா மதினின்னேன்.

ஆமா. அவ்வளவுதான் சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றீக? என் பிள்ளைக்கு அவ சொன்னாளா? அவ என் மகளைக் கதவைச் சாத்தி வச்சா. நான் என் வாயைத்தானே சாத்தி வச்சேன்? நான் ஒண்ணும் செய்யலை தங்கச்சி. ஒண்ணுமே செய்யலை. அதை எந்தக் கோர்ட்டுல போய்க் குத்தம்னு சொல்லுவாக?

சித்திரையில விழிப்புணர்வுக் கூட்டம்னு போட்டாக. ஊர் ஊராப் போய், பிள்ளைக பேசலைன்னா அஞ்சு வயசு வரைக்கும் காத்திருக்காதீங்க, ரெண்டு வயசுக்குள்ள வாங்கன்னு சொல்றது. பெத்தவுக ஒருத்தரு மைக்கைப் பிடிச்சாத்தான் ஜனம் கேட்கும்னு மேடம் என்னைக் கூப்பிட்டாக. எங்க வேணும்னாலும் பேசுறேன் மேடம், முதல் கூட்டத்தை மட்டும் இந்தத் தெருவுல வைங்கன்னு கேட்டு வாங்கினேன். இவ தெரு. இவ வீட்டுக்கு எதிர்த்தாப்புல குழாயடி. ஸ்பீக்கரை இவ வாசலைப் பார்த்து நானே திருப்பி வச்சேன்.

எல்லாத்தையும் சொன்னேன். நாலு விரல் கதையைச் சொன்னேன். பேரு சொல்லலை, நான் அவ்வளவு மட்டமானவ இல்லை. இதே தெருவுல, பச்சை கேட்டு போட்ட ஒரு வீட்லன்னு மட்டும் சொன்னேன். அந்தத் தெருவுல பச்சை கேட்டு ஒரு வீட்டுக்குத்தான் இருக்கு. மொத்த ஜனமும் திரும்பிப் பார்த்துச்சு. இவ நடையில நின்னவ அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. பத்து வருசமா அந்த வாய் ஓயாமப் பேசி நான் கேட்டிருக்கேன், அன்னைக்குத்தான் அது அடைச்சுப் போனதைப் பார்த்தேன். சாப்பிடாமலே வயிறு நிறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

பெறகு மேடம் கொடுத்த தாளை வாசிக்கணும். பிள்ளைககிட்ட என்னென்ன பார்க்கணும்னு பத்து அடையாளம். நான் தாளை எடுத்துட்டு நிமிந்தா, மாடி ஜன்னல்ல இந்திரா நிக்கிறா, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு. காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்கிறா. ஆறு வாசிச்சேன். பேரைக் கூப்பிட்டா திரும்பாதது, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறது, விரல் நீட்டிக் காட்டாதது, மூடியைச் சுத்தி விடுறது, இந்த நாலையும் விட்டுட்டேன். தாள் காத்துல மடங்கிருச்சு மேடம்னு பெறகு சொன்னேன். மேடம் நல்லவுக, நம்பிட்டாக.

கூட்டம் முடிஞ்சதும் ஒண்ணு ரெண்டு இல்லை, ஏழு பொம்பளைக பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்தாக. அதுவரைக்கும் அந்தத் தெருவுல அப்படிப் பிள்ளைக இருக்கிறதே யாருக்கும் தெரியாது. அந்த ஏழும் இன்னைக்கும் இங்கன வருது. அந்தப் புண்ணியம் எனக்குத்தான். எட்டாவதா ஒருத்தி ஆவணி வாக்குல வந்தா, அதே தெருதான். ஏன் இத்தனை நாள்னு கேட்டேன். நீங்க மைக்குல சொன்னதுல எம் பிள்ளைக்கு ஒண்ணும் ஒத்துப் போகலைக்கா, அவன் கையைப் பிடிச்சு இழுப்பான், மூடியைச் சுத்துவான், அவ்வளவுதானேன்னு இருந்துட்டேன்னா. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? எல்லாத்தையும் ஒரு கூட்டத்துலயே சொல்லிற முடியுமா?

தண்ணி குடிக்கிறீகளா? முகம் வாடியிருக்கு. உள்ளே ஒன்பது போயிருச்சு.

நான் நாளை எண்ணிக்கிட்டு இருந்தேன். சஷ்மிக்குச் சொல் சேர்ந்துக்கிட்டே வந்துச்சு. தா, போ, பால், இன்னும், வேண்டாம். ரெண்டு ரெண்டு சொல்லாச் சேர்க்க ஆரம்பிச்சா. எல்லாமே கேட்டாத்தான், காட்டினாத்தான். தானா, அவளா நெனைச்சு, ஒரு ஆளைத் தேடிப் போய் ஒண்ணைச் சொன்னதில்லை. அதுதான் பெரிய படின்னு மேடம் சொல்லுவாக. அதைத்தான் இவ முன்னாடி நடத்திக் காட்டணும்னு வீட்ல வச்சு தினம் பழக்கினேன். 'நான் சஷ்மிதா. நான் பேசுவேன்.' இதை இவ முகத்தைப் பார்த்துச் சொல்லணும். இவ போட்டோவையே செல்லுல வச்சுப் பழக்கினேன். எதுக்கு அத்தை எங்கம்மா போட்டோன்னு இந்திரா கூட ஒருக்கா கேட்டா, சொந்தக்காரவுக முகம் பழகட்டும்னு சொன்னேன்.

தீபாவளி வந்துச்சு. முந்தின நாளே அக்காவுக்குச் சீர் கொண்டு போகணும்னு எங்க வீட்டுக்காரரு கிளம்பினாரு. மைக்குல பேசினதுக்கு அப்புறம் நான் அந்த வாசப்படி மிதிக்கலை. இந்தத் தடவை நானும் வர்றேன்னேன். மகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பஸ்ல போறப்பவும் ரெண்டு தடவை சொல்ல வச்சேன். நான் சஷ்மிதா. நான் பேசுவேன்.

போனா, இவ அடுப்படியில அதிரசம் தட்டிக்கிட்டு இருக்கா. வான்னா, உக்காருன்னா, அவ்வளவுதான். மைக்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. இந்திராவும் அவ வீட்டுக்காரரும் இருக்காக. பக்கத்து வீட்டுப் பொம்பளைக மூணு பேரு அதிரசத்துக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காக. எனக்கு இதை விட நல்ல சபை கிடைக்காது. சஷ்மி எங்கன்னு பார்க்கிறேன்.

அவ நடுவீட்ல ரித்தீஷ் முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. அவன் எண்ணெய்த் தூக்கு மூடியைச் சுத்தி விட்டுக்கிட்டு இருக்கான். சஷ்மி அந்த மூடியை எடுத்தா. எடுத்து, தன் வாய்க்குப் பக்கத்துல வச்சுக்கிட்டா. 'மூடி'ன்னா. சொல்லிட்டுச் சும்மா இருக்கா. மடியில ஒவ்வொரு விரலா மடக்குறா. பத்து விரல். அவன் சஷ்மி கண்ணைப் பார்க்கலை, மூடியை மட்டும் பறிக்கிறான். கொடுத்துட்டா. மறுபடி எடுத்தா. மறுபடி வாய்கிட்ட. மறுபடி பத்து. மூணு தடவை செஞ்சா தங்கச்சி. நான் அவளுக்கு ரெண்டரை வருசமா என்ன செஞ்சேனோ அதை அப்படியே.

பெறகு எந்திரிச்சா. என்னைத் தாண்டிப் போனா. அடுப்படிக்குப் போய் அவ அத்தை முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. இவ குனிஞ்சா. அவ நேரா இவ முகத்தைப் பார்த்தா. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காக. சொல்லுடி, நான் சஷ்மிதா, சொல்லுடின்னு மனசுக்குள்ள.

"அத்தே. தம்பி பாக்கல. தம்பி ஆஸ்பத்திரி போ."

நான் பழக்காத சொல்லு. யாரும் பழக்காத சொல்லு. என் மக தானா நெனைச்சு, ஒரு ஆளைத் தேடிப் போய்ச் சொன்ன முதல் பேச்சு. அதை இவகிட்டப் போய்ச் சொன்னா.

இவ கரண்டியோட என்னைத் திரும்பிப் பார்த்தா. இவ என்ன சொல்றா வல்லின்னு கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்னப் பிள்ளைதானே மதினி, ஏதோ உளறுது"ன்னேன்.

உளறுதுன்னு சொன்னேன். நானு.

இவ அடுப்பை அணைச்சா. அதிரச மாவு கையோட சஷ்மி முன்னாடி உக்காந்தா. "உளறலையே. தெளிவாத்தானே சொல்றா"ன்னா. மறுபடி சொல்லுடி தங்கம்னு கேட்டா. கேட்டுட்டு, சும்மா இருந்தா. அந்த வாய் ஓயாதவ, என் மக மறுபடி சொல்றதுக்காக வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. யாரும் சொல்லிக் கொடுக்கலை. சஷ்மி மறுபடி சொன்னா.

அடுத்த வியாழக்கிழமை பேரனைத் தூக்கிட்டு இந்த பெஞ்சுல வந்து உக்காந்தா. இந்திராவும் வந்திருந்தா, ஆனா அவ அழுதுக்கிட்டே இருக்கா, பேனா பிடிக்க முடியலை. இவளுக்கு எழுத்து தெரியாது. ஃபாரத்தை எங்கிட்ட நீட்டினா. நான்தானே எல்லாருக்கும் எழுதுறேன், எழுதினேன். பெறந்ததும் அழுதானா, காமாலை உண்டா. பதினோராவது கேள்வி வந்துச்சு. வாசிச்சேன்.

இவ யோசிக்கவே இல்லை. "உன் மக பேரை எழுது. தீபாவளிக்கு முந்தின நாளுன்னு போடு"ன்னா.

எழுதினேன். என் கையால. முதலில் கவனித்தவர், தாயின் தாய்மாமன் மகள், வயது ஆறு. இன்னைக்கும் ஒவ்வொரு வியாழனும் அந்த ஃபைலை எடுக்கிறப்போ மேல அந்தப் பக்கம்தான் இருக்கும்.

உள்ளே மேடம் அவனைப் பார்த்துட்டு, ஒரு ஏழெட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும்மான்னாக. கடிஞ்சு சொல்லலை, எல்லாருக்கும் சொல்றதுதான். அதுக்கு இவ, "யாரும் சொல்லலையே மேடம், சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கிட்டு ஓடியாந்திருப்பேனே"ன்னா. நான் பக்கத்துல ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். மேடம் என்னைக் காட்டி, இவுக மாதிரி ஒருத்தரு வீட்லயே இருந்தும் உங்களுக்குத் தெரியாமப் போச்சேன்னு சும்மா சிரிச்சாக. இவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ எப்பவாச்சும்தானே மேடம் எங்க வீட்டுக்கு வர்றா, நான் செஞ்சதுக்கு அவ எப்படி வருவான்னா.

அவ்வளவுதான் அவ கேட்ட மன்னிப்பு. அதையும் எங்கிட்டக் கேட்கலை, மேடத்துகிட்டச் சொல்றா. அந்த கிரைண்டர் ரூமுக்கு இப்போ தாழ்ப்பாளே இல்லையாம், கழட்டிப் போட்டுட்டாளாம், இந்திரா சொன்னா. கழட்டினா? என் மக படுத்துக் கிடந்தது கிடந்ததுதானே. வாரா வாரம் அந்த மஞ்சக் கூடையில சஷ்மிக்கு ஏதாச்சும் கொண்டாந்துருவா. எனக்கும் நீட்டுவா. நான் தொட்டதில்லை.

ஒண்ணு மட்டும் எனக்கு ஆற மாட்டேங்குது. வேற யார்கிட்டயும் சொல்லலை, உங்ககிட்டச் சொல்றேன். பழி வாங்கிட்டேன்ல? எட்டு மாசம் கையில வச்சிருந்தேன்ல? ஆனா அவளுக்குத் தெரியலை தங்கச்சி. தெரிஞ்சாத்தானே அது பழி? அவ பாட்டுக்கு யாரும் சொல்லலைன்னு தன் தலையில அடிச்சுக்கிறா. எனக்குத் தெரியும்டி, மாசியிலயே தெரியும்டின்னு அவ முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிட்டா எனக்கு நிம்மதி. ஒவ்வொரு வியாழனும் சொல்லணும்னுதான் வர்றேன். பக்கத்துல போவேன். அப்போ பார்த்து அந்தப் பையன் என் கையைப் பிடிச்சு எதையாச்சும் திறக்கச் சொல்லுவான். என் முகத்தைப் பார்க்காம. என்னால சொல்ல முடியலை.

அந்தா பாருங்க, சஷ்மி மூடியைத் தன் வாய்கிட்ட வச்சிருக்கா. எண்ணுறா. இவளும் சேர்ந்து விரலை மடக்குறா, பாருங்க, கிழட்டுக் கழுதை. எட்டு. ஒன்பது.

பார்த்துட்டான்.

நீங்க பார்த்தீகள்ல? சஷ்மி கண்ணைப் பார்த்தான். அரைச் செகண்டுதான். ஆனா பார்த்தான். மேடத்துகிட்டச் சொல்லணும். நீங்க இருங்க, இவளே கத்தி ஊரைக் கூட்டிருவா, நான் போக வேண்டாம். எனக்குக் கண்ணுல தூசி. இந்த ஃபேன் ஒரே தூசி.

பன்னெண்டு போயிருச்சு. வாங்க, முடிச்சுருவோம். பதினோராவது கேள்வி பாக்கி இருக்குல்ல. உங்க பையனை முதல்ல கவனிச்சது யாரு? எப்போ? யோசிச்சுச் சொல்லுங்க. யாருக்கும் தெரியப் போறதில்லை, உங்க மாமியாரும் பக்கத்துல இல்லை. மத்த கேள்வியில முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை. இதுல மட்டும் பொய் எழுதக் கூடாது தங்கச்சி.